கம்பியில்லா அட்டையின் கதை

மடிக்கணினி ஒன்றின் அடிமூடியைக் கழற்றிப் பார்ப்போமாயின், தீப்பெட்டியில் ஏறத்தாழப் பாதி அளவே உள்ள ஒரு சிறு அட்டை அதனுள் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். அட்டையின் ஓர் ஓரத்தில் பொன்னிறக் கீற்றுகள் வரிசையாக இருக்கும். எதிர் ஓரத்தில் மெல்லிய கம்பிகள் இரண்டு வந்து சேரும். அக்கம்பிகள் கணினியின் கீலைக் கடந்து மேலேறித் திரையின் சட்டத்துக்குள் சென்று மறையும். மாணவ நண்பர்களே, அந்தச் சிறு அட்டை ஒரு வானொலி. கம்பிகளின் நுனியில் மறைந்திருப்பவை அதன் ஏரியல்கள். உங்கள் பாட்டனார் வீட்டு வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது. இதுவோ கேட்கவும் வல்லது, பேசவும் வல்லது. ஒலிபரப்பு நிலையம் ஒன்றையும் வானொலிப் பெட்டி ஒன்றையும் இணைத்து உள்ளங்கையில் அடங்குமாறு சுருக்கினால் எப்படியோ, அப்படி.

இதைக் கடைக்காரர்கள் வைஃபை கார்டு என்பார்கள். நாம் இங்கே கம்பியில்லா அட்டை என்றே வழங்குவோம். மடிக்கணினியின் மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கையிலேயே முதுமை எய்திவிடும் உறுப்பு இது. விசைப்பலகை வேலை செய்யும். திரை தெளிவாக இருக்கும். ஆயினும் இணையம் மட்டும் நத்தை போல் ஊரும். உடனே வீட்டார், 'இது பழசாகிவிட்டது, இனி ஆகாது' என்று மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகின்றனர். புதியது வாங்க வசதியுள்ள வீட்டில் இதனால் பெருங்கேடு இல்லை. வசதியில்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு இதனால் தடைப்படுகிறது. ஆகவே, இந்த அட்டை எங்கிருந்து வந்தது, ஏன் முதுமை அடைகிறது, அதை மாற்றலாமா, மாற்றுவதற்கு யாருடைய இசைவு வேண்டும் என்பனவற்றை ஆராய்தல் பயனுடையது.

முதலில் இசைவைப் பற்றிப் பார்ப்போம். 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி ஒரு வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்குங்கூட அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1980-களில்தான் அவ்வழக்கம் ஒழிந்தது. கேட்பதற்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், பேசுவதற்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வானவெளியில் அலைகளை அனுப்பும் உரிமை அரசுக்கும், அரசு இசைவளித்த ஒரு சிலர்க்குமே உரியதாக இருந்தது. இன்று திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சிறுவன் மடிக்கணினியைத் திறந்த மாத்திரத்தில், யாரையும் கேளாமல் வானவெளியில் அலைகளை அனுப்புகிறான். இம்மாறுதல் எப்படி நேர்ந்தது?

1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு விதியை வெளியிட்டது. வானொலி அலைகளில் சில பகுதிகள் தொழிற்சாலைகளின் வெப்பக் கருவிகளுக்கும், மருத்துவக் கருவிகளுக்கும், மைக்ரோவேவ் அடுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அக்கருவிகளின் இரைச்சல் மிகுதியாக இருந்தமையால், செய்திப் போக்குவரத்துக்கு அவை உதவா என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தனர். அப்பகுதிகளில், குறைந்த ஆற்றலுடன், இரைச்சலைத் தாங்கும் முறையில், உரிமமின்றி எவரும் பேசலாம் என்று அவ்விதி கூறியது. அவற்றுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி. குப்பைமேடு என்று ஒதுக்கிய புறம்போக்கு நிலத்தில் பின்னாளில் சந்தை கூடியது போல, இப்பகுதியில்தான் வைஃபை பிறந்தது.

நம் நாட்டில் அப்பகுதி 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் உரிமத் தேவையினின்று விடுவிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் ஒரு பங்கைக் கட்டடங்களுக்குள் பயன்படுத்தவும் அப்போதே இசைவு கிடைத்தது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் அது வெகுவாக விரிவாக்கப்பட்டுத் திறந்த வெளிக்கும் பொருந்துவதாயிற்று. பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளை நாம் பாடமாகப் படிக்கிறோம். அரசிதழின் ஓரிரு பக்கங்களில் வந்த இத்தகைய அறிவிப்புகளும் சரித்திரமே என்பது என் கருத்து.

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கலைக்கு நம் நாட்டிலும் தொன்மையான வேர் உண்டு. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் காட்டினார். அவர் கையாண்டவை மில்லிமீட்டர்க் கணக்கில் அளக்கப்படும் மிகச் சிறிய அலைகள். உலகம் அவற்றைச் செய்தித் தொடர்புக்கு எடுத்துக்கொள்ள ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியர், தீவுக்குத் தீவு கணினிகளை வானொலியால் இணைத்து, பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அமைத்தார். இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதைந்தால், இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசுவது அம்முறை. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் நாம் செய்வது அதுவே.

திரைப்பட நடிகை ஹெடி லமார் 1942-இல், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீல் என்பவருடன் சேர்ந்து, அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும் செய்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவரே வைஃபையின் தாய் என்று இக்காலத்தில் பலர் எழுதுகின்றனர். அது மிகைப்பட்ட கூற்று. 1997-இல் வெளிவந்த முதல் விதித்தொகுப்பில் அலைவரிசைத் தாவல் ஒரு முறையாக இடம்பெற்றது உண்மை. ஆனால் உலகெங்கும் பரவிய பிற்கால முறைகள் வேறு வழியில் சென்றன. ஒருவரைப் போற்றுவதற்கும் அளவு உண்டு.

1997-இல் வந்த அவ்விதித்தொகுப்பின் எண் 802.11. அதன்படி நொடிக்கு 2 மெகாபிட் செய்தியே அனுப்ப முடிந்தது. 1999-இல் வந்த பி என்னும் பிரிவு அதை 11 ஆக உயர்த்தியது. அதே ஆண்டில் வந்த ஏ என்னும் பிரிவு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 54 மெகாபிட் வரை சென்றது. 2003-இல் ஜி என்னும் பிரிவு அதே வேகத்தை 2.4 பகுதிக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இவ்வானொலி மடிக்கணினிக்குள் இல்லை. பக்கவாட்டுத் துளையில் செருகும் தடித்த அட்டையாக, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1999 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபுக் என்னும் கணினியில், விசைப்பலகைக்கு அடியில் அட்டைக்கு இடமும், திரைச் சட்டத்துக்குள் ஏரியல்களும் அமைக்கப்பட்டன. அந்த அமைப்பையே இன்றளவும் எல்லாரும் பின்பற்றி வருகின்றனர். ஏரியல் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது வானொலியின் பழைய பாடம். மடிக்கணினியில் எல்லாவற்றிலும் உயரமான இடம் திரையின் விளிம்புதானே.

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்னும் பெயரில், கணிப்பொறியின் மூளையையும் கம்பியில்லா அட்டையையும் சேர்த்து விற்கத் தொடங்கியது. அதுமுதல் மடிக்கணினி என்றாலே அட்டை உள்ளிருக்கும் என்ற நிலை வந்தது. ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அந்த முதல் சென்ட்ரினோ அட்டைக்கு பி பிரிவு மட்டுமே தெரியும். மூன்றே மாதங்களில், ஜூனில், ஜி பிரிவு முறைப்படி வெளிவந்துவிட்டது. ஆக, கடையிலிருந்து புத்தம் புதிதாக வந்த கணினி, மழைக்காலம் வருமுன்னே ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டது. அட்டை தாய்ப்பலகையில் ஒட்டப்படாமல் தனியே செருகப்பட்டிருந்ததால், அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ள வழியிருந்தது. உள் அட்டையை மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது இக்காலத்தில்தான்.

இதே வகை அட்டை நம் பக்கத்து மாவட்டத்தில் செய்த ஓர் அரும்பணியை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே வரும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் நேருக்கு நேர் கண்டு பேசவேண்டும். அக்காலத் தொலைபேசிக் கம்பிகள் அதற்குப் போதா. 2005-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர் இங்கு வந்து, மடிக்கணினியில் செருகுவது போன்ற மலிவான வைஃபை அட்டைகளைச் சிறிய கணினிப் பலகைகளில் பொருத்தி, குவிந்த ஏரியல்களை உயரத்தில் ஏற்றி, ஊருக்கு ஊர் இணைத்தனர். ஐந்து கண் நிலையங்கள். பதினொரு வானொலிப் பெட்டிகள். ஒரு கிலோமீட்டர் முதல் பதினைந்து கிலோமீட்டர் வரையான இணைப்புகள். கோபுரம் கட்டாத இடங்களில் வீட்டுக் கூரைக் கம்பங்களும், ஓரிடத்தில் நூற்பாலை ஒன்றின் புகைபோக்கியும் கோபுரமாயின.

வீட்டு அறைக்கென்று செய்யப்பட்ட அட்டை பதினைந்து கிலோமீட்டர் பேசுவது எப்படி? ஆற்றல் குறைவை ஏரியலின் குவிப்பால் ஈடு செய்யலாம். கடினமான சிக்கல் வேறொன்று. வைஃபை அட்டை ஒரு செய்தித் துண்டை அனுப்பியதும், 'பெற்றுக்கொண்டேன்' என்ற மறுமொழிக்காக ஒரு சிறு பொழுது காத்திருக்கும். வராவிட்டால் செய்தி தொலைந்ததென்று கருதி மீண்டும் அனுப்பும். அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்லும். பதினைந்து கிலோமீட்டர் போக 50 மைக்ரோநொடி, திரும்ப 50 மைக்ரோநொடி. மறுமொழி வந்து சேர்வதற்குள் பொறுமையிழந்த அட்டை மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். அக்குழுவினர் அட்டையை மாற்றவில்லை; அதை இயக்கும் மென்பொருளை மாற்றினர். ஒவ்வொரு பக்கமும் தனக்குரிய நேரத்தில் மட்டும் பேசுமாறும், மறுமொழிகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புமாறும் செய்தனர். வேகம் பல மடங்கு உயர்ந்தது. பின்னர் அவர்கள் எழுதிய ஆய்வுரையில், தங்களை மிகவும் தொல்லைப்படுத்தியது வானொலி அன்று, சீரற்ற மின்சாரமே என்று குறித்துள்ளனர். மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதாலும் தாழ்வதாலும் பெட்டிகள் பழுதாயின. வயலோரத்துப் பம்புசெட்டு மோட்டார் கருகுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது.

இனி 2009-க்கு வருவோம். அவ்வாண்டில் என் என்னும் பிரிவு முறைப்படி ஏற்கப்பட்டது. அட்டைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏரியல்கள் ஏன் என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவ்விடையைத் தந்தவர் தமிழ்நாட்டவர். பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இளமையிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971 போரில் குக்ரி என்னும் நம் போர்க்கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிய பின், நீருக்கடியில் ஒலியால் பகையைக் கண்டறியும் சோனார்க் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கே தாமஸ் கைலாத் என்னும் மற்றோர் இந்தியப் பேராசிரியருடன் பணியாற்றினார். பல ஏரியல்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பலாம் என்னும் கருத்துக்கு 1992-இல் இருவரும் காப்புரிமை கோரி, 1994-இல் பெற்றனர்.

இக்கருத்து தொடக்கத்தில் பலருக்கு நம்பத் தகாததாகத் தோன்றியது. ஒரே அறையில் இருவர் ஒரே குரலில் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பமன்றோ விளையும்? ஆனால் உங்கள் பள்ளிக் கணக்கை நினைவு கூருங்கள். இரு செய்திகளை x, y என்று கொள்வோம். முதல் ஏரியலில் இரண்டும் கலந்து x + y = 7 என்று வந்து சேர்கிறது. இரண்டாம் ஏரியல் சற்றுத் தள்ளி இருப்பதால், சுவரில் மோதித் திரும்பிய அலைகள் வேறுவிதமாகக் கலந்து, அங்கே x − y = 3 என்று வருகிறது. இரு சமன்பாடுகளையும் தீர்த்தால் x = 5, y = 2 என்று இரு செய்திகளும் தனித்தனியே கிடைத்துவிடும். இரண்டு ஏரியல்களிலும் ஒரே மாதிரியாகக் கலந்திருந்தால் என்ன ஆகும்? x + y = 7 என்றும் 2x + 2y = 14 என்றும் வரும்; இரண்டும் ஒரே சமன்பாடு; திட்டமான ஒரே தீர்வு கிடைக்காது. ஆகவே, சுவரும் கூரையும் பீரோவும் அலைகளைச் சிதறடிப்பது இம்முறைக்கு நன்மையாகிறது. மார்க்கோனி காலம் முதல் வானொலிப் பொறியியலார் பகையென்று கருதிய எதிரொலியைப் பால்ராஜ் ஏவலாளாக்கிக் கொண்டார். இந்திய அரசு 2010-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 2014-இல் மார்க்கோனிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்? ஆயினும் அவர்கள் கையில் உள்ள ஒவ்வொரு புதிய மடிக்கணினியிலும், கைப்பேசியிலும் அவருடைய கருத்து உழைத்துக்கொண்டிருக்கிறது.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மற்றும் கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளின் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக்கின் சென்னை நிலையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. வீட்டில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்த நாளுக்கு நிகராக அந்நாளைப் போற்றிய குடும்பங்களை நான் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, வாழைத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள வீடுகளுக்கும் அவை ஏறிச் சென்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பரணில் கிடந்த அந்தக் கணினிகள் பலவும் தம்பி தங்கையருக்காக மீண்டும் கீழே இறக்கப்பட்டன. அப்போதுதான் பலரும் அந்தச் சிறு அட்டையின் போதாமையை உணர்ந்தனர்.

அக்காலத்து மலிவு விலை மடிக்கணினிகளில் பெரும்பாலும் என் பிரிவின் மிக எளிய வடிவமே வைக்கப்பட்டது. 2.4 பகுதி மட்டும். செய்தித் தாரை ஒன்றே. ஏட்டளவில் அதன் வேகம் 72 மெகாபிட், விரிந்த அலைவரிசையில் 150 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. பின்னர் 2013-இல் ஏசி பிரிவும், 2021-இல் ஏஎக்ஸ் பிரிவும் வந்தன. இரு தாரை கொண்ட ஏசி அட்டையின் ஏட்டு வேகம் 867 மெகாபிட். எண்களைக் கண்டு மயங்கிக் கடைக்கு ஓடுமுன், உங்கள் இடம் எது என்று பாருங்கள்.

திண்டுக்கல் நகரில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு தெருவில் இருபது ரவுட்டர்கள் இருக்கும். 2.4 பகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே: 1, 6, 11. இருபது பேரும் அந்த மூன்று வாய்க்காலில்தான் நீர் பாய்ச்ச வேண்டும். இங்கே 5 கிகாஹெர்ட்ஸ் அறிந்த அட்டை உண்மையாகவே பெருநன்மை தரும். சிறுமலையில் நிலை வேறு. தோட்டத்துக்கு ஒரு வீடு, அண்டையில் ரவுட்டர் இல்லை, நெரிசலும் இல்லை. 2.4 பகுதியின் அலைநீளம் ஏறத்தாழ பன்னிரண்டரைச் சென்டிமீட்டர். 5 பகுதியில் அதில் பாதிக்கும் குறைவு. சுவரைக் கடக்கையில் 5 பகுதி விரைவாக வலுவிழக்கும். ஈரமிக்க இலைகளின் நடுவே இன்னும் மிகுதியாக வலுவிழக்கும். ஆகவே மலையில் 5 பகுதிக்காகப் பணம் செலவிடுதல் பெரும்பாலும் வீண். ஒரு தாரைக்குப் பதில் இரு தாரை கொண்ட அட்டை சிறிது உதவும். மலைக்கு இணையமே வந்து சேராத போது, எந்த அட்டையும் அதைக் கீழிருந்து இழுத்து வாராது. வீட்டு ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலான வழியை மட்டுமே அட்டை செப்பனிடும். ஊருக்குச் சாலை இல்லாத குறையை வீட்டு வாசற்படியைப் பெயர்த்துக் கட்டித் தீர்க்க முடியாது.

அட்டையின் வடிவத்தைக் காண்போம். சென்ட்ரினோ காலத்து அட்டை மினி பிசிஐ எனப்படும். ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் நீளம், 51 மில்லிமீட்டர் அகலம். அடுத்து வந்தது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ்; அகலம் 30 மில்லிமீட்டர், நீளம் 51 மில்லிமீட்டர்; கீற்றுகள் 52. அதிலேயே பாதி நீளமுள்ள வடிவம் ஒன்றும் உண்டு. 2011 முதல் சில ஆண்டுகள் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் இப்பாதி வடிவமே இருக்கும். 2013-க்குப் பின் எம்.2 என்னும் வடிவம் பரவியது. அகலம் 22, நீளம் 30 மில்லிமீட்டர். ஒன்றுக்குரிய துளையில் மற்றொன்று நுழையாது. எம்.2 வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இன்டெல்லின் பிற்கால அட்டைகள் சிலவற்றில் வானொலியின் ஒரு பாதி கணினியின் சிப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். ஏஎக்ஸ்200 என்னும் அட்டை முழு வானொலி. ஏஎக்ஸ்201 என்பது பாதி வானொலி. எண்ணில் ஒன்றுதான் வேறுபாடு. பின்னது பழைய கணினியில் உயிர் பெறாது. பாதி வடிவ மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை உள்ளவர்களுக்கு இன்டெல் 7260 என்னும் 2013-ஆம் ஆண்டு அட்டை நெடுங்காலமாக நல்ல தேர்வாக இருந்து வருகிறது. அது இரு வடிவங்களிலும் வந்ததால், வாங்கும்போது வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும் ஒரு தடை நேரலாம். எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைவினைஞர் ஒருவர் எத்தனை சூழ்ச்சிப் பொறிகளை வைத்துப் பூட்டுச் செய்தாலும், விற்கும்போது சாவியை வாங்குபவர் கையில் கொடுத்துவிடுவார். மடிக்கணினி செய்த நிறுவனங்கள் சில அவ்வாறு செய்யவில்லை. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் நிரலில், ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியலை மறைத்து வைத்தன. பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால் கணினி மேற்செல்ல மறுக்கும். ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் கணினிகளில் 1802 என்ற பிழை எண்ணுடன், அட்டையை அகற்றுக என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். எச்பி நிறுவனக் கணினிகளிலும் இதை ஒத்த தடை இருந்தது.

இதற்கு அவர்கள் கூறிய காரணம் அடியோடு பொய்யன்று. கணினி, அட்டை, ஏரியல் மூன்றையும் சேர்த்தே அமெரிக்க ஆணையத்திடம் சோதனைச் சான்று பெற்றோம். வேறு அட்டை போட்டால் அலைகளின் அளவு மிகலாம் என்றனர். ஆனால் அதே விதிக்கு உட்பட்ட வேறு நிறுவனங்கள் இத்தகைய பூட்டு இல்லாமலே விற்றன. எனவே விதி பூட்டைக் கட்டாயமாக்கவில்லை என்பது தெளிவு. விலை கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு சிறு உறுப்பை மாற்ற, விற்றவரின் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பது முறையன்று. பழுதுநீக்கும் உரிமை என்ற பேரால் பல நாடுகளில் எழுந்துள்ள இயக்கம் இத்தகைய குறைகளிலிருந்தே வளர்ந்தது. இந்திய அரசும் 2022 டிசம்பரில் அவ்வுரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. ஆகவே, அட்டை வாங்குமுன் உங்கள் கணினியின் மாதிரி எண்ணுக்கு இத்தகைய பட்டியல் உண்டா என்று விசாரிப்பது முதற்கடன். இருக்குமானால், யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வானொலியை வாங்கிக்கொள்ளலாம். பட்டியல் அதைத் தடுப்பதில்லை, விலையும் குறைவு. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அழகன்று என்பதைத் தவிர அதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பற்றி ஒரு சொல். லினக்ஸ் பயன்படுத்துவோர் முன்பு மிகவும் இடர்ப்பட்டனர். அட்டை செய்வோர் பலர் தம் அட்டையின் உள்ளமைப்பை வெளியிடவில்லை. ஏதெரோஸ் நிறுவனம் 2008-இலும், பிராட்காம் நிறுவனம் 2010-இலும் திறந்த டிரைவர்களை வெளியிட்ட பின் நிலைமை சீரடைந்தது. விண்டோஸ் 7 உள்ள கணினிக்கு ஏஎக்ஸ்200 பயன்படாது. அதற்கு விண்டோஸ் 10 அல்லது புதிய லினக்ஸ் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் இன்னும் பல கணினிகள் பரண் ஏறப்போகின்றன. அவற்றுள் பலவும் லினக்ஸ் ஏற்றுக் கொண்டால் சில ஆண்டுகள் உழைக்கக் கூடியவை.

பாதுகாப்பும் கருதத்தக்கது. முதற்காலத்து வெப் என்னும் மறைமொழி முறை 2001-இலேயே உடைக்கப்பட்டது. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 முறையை அறியாத மிகப் பழைய அட்டையை மாற்றுவதற்கு வேகம் ஒரு காரணமாக வேண்டியதில்லை. இது ஒன்றே போதும்.

கடைசியாக, மாற்றும் செயல். மின்கம்பியையும் பேட்டரியையும் நீக்கிய பின்னரே மூடியைக் கழற்ற வேண்டும். பழைய அட்டையின்மேல் 1, 2 என்ற எண்களோ, சிறு முக்கோணங்களோ அச்சிடப்பட்டிருக்கும். எந்த நிறக் கம்பி எதில் இருந்தது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கம்பி மட்டும் இருந்தால், இரு தாரை அட்டை போட்டும் பயன் பாதியே. பால்ராஜின் இரண்டாம் சமன்பாடு உங்களுக்குக் கிட்டாது. கம்பியின் முனையிலுள்ள பொத்தான் மிகச் சிறியது. அவ்வகைப் பொத்தான்கள் ஏறத்தாழ முப்பது முறை கழற்றிப் பூட்டுவதற்கே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே வேடிக்கைக்காகக் கழற்றிக் கழற்றி மாட்டலாகாது. பொத்தானை நேர்மேலாக நிறுத்தி, விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி எழும். எம்.2 அட்டையின் பொத்தான் அதனினும் சிறியது; பழைய கம்பி அதில் பொருந்தாது. ஒட்டுக் கம்பி தனியே வாங்க வேண்டும்.